கட்டு அவிழாத அட்டைகள்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல் என்னும் ஊர் இருக்கிறது. பேருந்தில் செல்வோர் அவ்வூரை அதன் பெரிய ஏரியைக் கொண்டே அடையாளம் காண்பர். சிவனுக்கும் பெருமாளுக்கும் பழங்கோயில்கள் உள்ள ஊர். காஞ்சிப் பட்டு என்று உலகம் கொண்டாடும் சேலைகளில் ஒரு பங்கு காஞ்சி நகருக்கு வெளியே, இத்தகைய ஊர்களின் திண்ணை வைத்த வீடுகளில் உருவாகிறது என்பதைச் சேலை வாங்குவோர் பலர் அறியார்.

2025ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை குவாண்டம் அறிவியலுக்குரிய ஆண்டாக அறிவித்திருந்தது. அதனையொட்டி, இளையோர் கூட்டம் ஒன்றில் குவாண்டம் கணினி பற்றி எளிய அறிமுகம் தருமாறு நம்மைக் கேட்டிருந்தார்கள். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றவருக்கு இது சற்றே துணிச்சலான வேலைதான். ஒப்புக்கொண்ட பின்னர் நூல்களைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட, முதலில் சாதாரணக் கணினி எப்படி எண்ணுகிறது என்பதையே நாம் சரியாக அறியவில்லை என்பது தெரிந்தது. அதைக் கண்ணால் காண வேண்டுமானால் தறியைப் பாருங்கள் என்றார் ஓர் இளைஞர். அவருடைய வகுப்புத் தோழரின் வீடு தாமலில் இருந்தது. அங்கே சென்றோம். கணினியைப் பற்றிக் கற்கச் சென்ற இடத்தில் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொல்லுமாறு கேட்கப்படுவோம் என்று எதிர்பார்க்கவில்லை.

வீட்டின் நடுக்கூடம் முழுவதையும் தறி பிடித்திருந்தது. குழியில் காலை விட்டு அமர்ந்திருந்த பெரியவர் எழுந்து வரவேற்றார். தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டி. அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். முற்காலத்தில் அடை கட்டி, உடன் அமர்ந்திருக்கும் உதவியாள் நூலை இழுத்துக் கொடுக்க, கரையில் உரு எழும்பியது. அந்த உதவியாளின் நினைவாற்றலை அட்டைகள் ஏற்றுக்கொண்டன என்று சொல்லலாம். ஓர் அட்டை வந்து ஊசிகளின் எதிரே நிற்கிறது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதனோடு இணைந்த கொக்கி மேலே தூக்கப்படுகிறது. கொக்கியில் கட்டிய பாவு இழை எழுகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடுகிறது, கொக்கி விலகிக்கொள்கிறது, இழை கீழேயே கிடக்கிறது. எழுந்த இழைகளுக்கும் கிடந்த இழைகளுக்கும் இடையே நாடா ஓடுகிறது. அடுத்த அட்டை வருகிறது. மயிலும் அன்னமும் கொடியும் இவ்வளவில்தான் அடங்கியிருக்கின்றன: துளை உண்டு, துளை இல்லை.

பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு இப்பொறியை 1804இல் அமைத்தார். இந்த அட்டைகளைக் கண்டுதான் இங்கிலாந்தின் சார்லசு பாபேச்சு, எண்ணும் பொறிக்கும் அட்டைகளால் கட்டளையிடலாம் என்று எண்ணினார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளே எண்ணித் தந்தன. இன்று நம் கைப்பேசிக்குள் அட்டை இல்லை. ஆயினும் உண்டு, இல்லை என்னும் அந்த இரண்டு சொற்களே உள்ளன. ஒன்று, சுழி என்று அவற்றை எழுதுகிறார்கள். ஒரு துளைக்குரிய அந்தச் சிற்றிடத்துக்குப் பிட் என்று பெயர்.

குவாண்டம் கணினி இங்கேதான் வேறுபடுகிறது. அதன் சிற்றிடத்துக்குக் கியூபிட் என்று பெயர். அது பாதித் துளை அன்று; தெளிவில்லாத துளையும் அன்று. அதை விளக்க ஒளியை எடுத்துக்கொள்வோம். ஒளி மிகச் சிறிய துகள்களாக வருகிறது. ஒவ்வொரு துகளுக்கும் அதிர்வின் திசை ஒன்று உண்டு. நின்ற திசையில் அதிரும் துகளை மட்டும் விடும் ஒரு கண்ணாடியை வைத்தால், நின்ற துகள் கடக்கும். கிடந்த துகள் தடுக்கப்படும். இது வரை துளை உண்டு, இல்லை என்பது போன்றதே. சரிபாதி சாய்ந்த துகள் வந்தால் என்ன ஆகும்? அது பாதியாக உடைந்து கடப்பதில்லை. ஒன்று முழுமையாகக் கடக்கும், அல்லது முழுமையாகத் தடுக்கப்படும். எது நடக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று மட்டுமே சொல்லலாம். கடந்துவிட்டாலோ, அது இனிச் சாய்ந்த துகள் அன்று. நின்ற துகளாகவே ஆகிவிடுகிறது. முன்பு எப்படிச் சாய்ந்திருந்தது என்ற செய்தி அழிந்து போகிறது. பார்த்தல் என்பது இங்கே பொருளைத் தொடாமல் நிகழும் செயல் அன்று. பார்த்தவர் எதையோ பெறுகிறார்; எதையோ என்றைக்குமாக இழக்கிறார்.

இத்தகைய கியூபிட்டுகளைப் பலவாகச் சேர்த்தால் அவற்றின் நிலையை எழுதுவதற்கு வேண்டிய எண்கள் ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரட்டிப்பாகின்றன. பத்துக்கு 1,024 எண்கள். ஐம்பதுக்கு ஆயிரத்து நூறு இலட்சம் கோடிக்கும் மேல். இதைக் கேட்ட மாத்திரத்தில், குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்த்துச் சரியானதைத் தந்துவிடும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது பிழை. எத்தனை கோடி எண்கள் உள்ளே இருந்தாலும், பார்க்கும்போது கையில் கிடைப்பது ஒரே ஒரு விடை. அதுவும் குருட்டு வாய்ப்பில் கிடைப்பது. அப்படியானால் இக்கணினியின் திறமை எங்கே இருக்கிறது?

தாமல் ஏரிக்கரையில் நின்று இரண்டு கற்களை எறிந்து பாருங்கள். இரண்டு வளையங்கள் விரிந்து ஒன்றையொன்று சந்திக்கும். மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் நீர் உயரும். மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் நீர் அசையாமல் நிற்கும். கியூபிட்டுகளின் நிலைகளும் அலையைப் போலவே கூடவும் கழியவும் வல்லவை. தவறான விடைகளுக்குரிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறும், சரியான விடைக்குரியவை ஓங்கி எழுமாறும், பார்ப்பதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும். அதுவே இக்கணினிக்குரிய கணக்கு. எல்லாக் கணக்குகளுக்கும் அப்படி ஏற்பாடு செய்ய வழி தெரியவில்லை; சிலவற்றுக்கே தெரிந்திருக்கிறது.

அந்தச் சிலவற்றுள் ஒன்று உலகத்தைக் கலக்கியது. 1994இல் அமெரிக்கக் கணித அறிஞர் பீட்டர் சோர் அதைக் கண்டார். பெரியதோர் எண்ணை அதன் பகா எண் காரணிகளாகப் பிரிப்பது எப்படி என்பதே அக்கணக்கு. அவருடைய வழியை ஒரு சிறிய எண்ணில் காட்டலாம். 15ஐ எடுத்துக்கொள்வோம். 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே சென்று, ஒவ்வொன்றையும் 15ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 2, 4, 8, 1, மீண்டும் 2, 4 என்று வரும். நான்கு படிக்கு ஒருமுறை வரிசை திரும்புகிறது. நான்கில் பாதி இரண்டு. இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு. அதற்கு ஒன்று குறைந்தது 3, ஒன்று கூடியது 5. மூவைந்து பதினைந்து! இதை நாம் சொன்னபோது தறியில் அமர்ந்திருந்த பெரியவர் சிரித்தார். கரையில் கொடி எத்தனை அட்டைக்கு ஒருமுறை மீண்டும் தொடங்குகிறது என்று எண்ணுவது போலத்தானே என்றார். அதுவேதான். மிகப் பெரிய எண்ணில் அந்தத் திரும்பும் இடம் எளிதில் அகப்படாது. தவறான இடங்களுக்குரிய அலைகளை அழித்து, உண்மையான திரும்பும் இடத்தை ஓங்கச் செய்வதே சோர் கண்ட வழி.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1977இல் ரிவெச்டு, சமீர், ஏடில்மேன் என்னும் மூவர் ஒரு பூட்டை அமைத்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மட்டும் தந்து, அவ்விரண்டையும் கண்டுபிடி என்றால் எவராலும் முடியாது. இன்று வழங்கும் இவ்வகைப் பூட்டில் அந்த எண் 617 இலக்கம் நீளமானது. வங்கிக் கணக்கும், மருத்துவமனைக் குறிப்பும், நாம் அனுப்பும் கடிதமும் இதுவும் இதையொத்த பூட்டுகளுமே காக்கக் கணினிகளுக்கிடையே பயணம் செய்து வந்திருக்கின்றன. பூட்டின் வலிமை யாதெனில் திருடனின் இயலாமை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. போதிய பெரிய குவாண்டம் கணினி எழுந்தால் அந்த இயலாமை நீங்கிவிடும்.

அத்தகைய கணினி இன்னும் எழவில்லை. 2001இல் ஏழு கியூபிட்டுகளைக் கொண்டு பிரிக்கப்பட்ட எண் மேலே சொன்ன 15தான். 2024இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட வில்லோ என்னும் சில்லில் 105 கியூபிட்டுகள் உள்ளன. இவ்வகைச் சில்லுகளை, விண்வெளியின் வெறுமையைக் காட்டிலும் கடுங்குளிரில், முற்றான குளிர்நிலைக்கு ஒரு பாகையில் நூற்றில் ஓரிரு பங்கு மேலே வைத்துக் காக்க வேண்டும். சிறிது வெப்பமோ அதிர்வோ பட்டாலும் யாரோ பார்த்துவிட்டது போலக் கணக்குக் கலைந்து போகிறது. இன்றைய பூட்டைத் திறக்க இரண்டு கோடி கியூபிட்டுகள் வேண்டும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். 2025இல் அதே ஆய்வாளர் ஒருவர், பத்து இலட்சத்துக்கும் குறைவாகவே போதும் என்று திருத்திக் கணக்கிட்டார். கருவி வளர்வதைக் காட்டிலும் வேகமாகத் தேவை குறைந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாமல் வழியே செல்லும் அந்த நெடுஞ்சாலைக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. 2023 ஏப்ரலில் நடுவண் அரசு 6,003 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் அமைந்த நான்கு மையங்களுள் கணினிக்குரியது பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. செய்தித் தொடர்புக்குரியது சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. எளிதாகச் சொன்னால், பழைய பூட்டைத் திறக்க வல்ல கருவி சாலையின் ஒரு முனையிலும், புதிய பூட்டு மறு முனையிலும் உருவாகி வருகின்றன. சென்னைக்குரிய புதிய பூட்டும் உண்மையில் முன்பே பெங்களூரில் உலகத்துக்குச் சொல்லப்பட்ட ஒன்றுதான். 1984 டிசம்பரில் அங்கு நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் சார்லசு பென்னட்டு, சீல் பிராசார்டு என்னும் இருவர் அளித்த கட்டுரையில் அது இடம்பெற்றது. அன்று அதைப் பெரிதாக மதித்தவர்கள் மிகச் சிலரே.

அந்தப் பூட்டு மேலே சொன்ன ஒளித்துகளால் ஆனது. அனுப்புபவர் ஒவ்வொரு துகளையும் நேராகவோ சாய்வாகவோ, தம் விருப்பப்படி மாற்றி மாற்றி அனுப்புகிறார். பெறுபவர் தம் கண்ணாடியை ஒருமுறை நேராகவும் ஒருமுறை சாய்வாகவும், அவரும் தம் விருப்பப்படி வைத்துப் பார்க்கிறார். பின்னர் இருவரும், எந்தத் துகளுக்கு எப்படி வைத்தோம் என்பதை மட்டும் வெளிப்படையாகப் பேசி, இருவரும் ஒத்திருந்தவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சியவையே சாவி. இடையில் ஒருவன் ஒவ்வொரு துகளையும் பிடித்துப் பார்த்துத் திரும்ப அனுப்பினால், எப்படிப் பார்ப்பது என்பது அவனுக்குத் தெரியாது. பாதி நேரம் தவறாகப் பார்ப்பான். அவன் தொட்ட துகள் மாறிவிடும். ஒத்திருக்க வேண்டிய இடங்களில் நான்கில் ஒன்று பிழையாக வரும். சிலவற்றை ஒப்பிட்டுப் பார்த்தாலே ஒட்டுக்கேட்டவனின் கை தெரிந்துவிடும். துகளை அப்படியே இன்னொரு படி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாமா என்றால், அதுவும் இயலாது. அறியாத நிலையிலுள்ள துகளுக்கு மாறாத படி எடுக்க இயற்கை இடந்தருவதில்லை என்பது 1982இல் நிறுவப்பட்டுவிட்டது. நம் நாட்டில் 2022இல் பிரயாக்ராச்சுக்கும் விந்தியாசலுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் இவ்வகைத் தொடர்பை நடத்திக் காட்டினார்கள்.

இவ்வளவும் கூட்டத்துக்காக நாம் கற்றவை. இனி, தாமலில் கேட்கப்பட்ட வழக்கு.

அந்த வீட்டுப் பரண்மேல், பழைய வேட்டியில் பொதிந்து கயிற்றால் இறுகக் கட்டிய ஓர் அட்டைக் கட்டு இருக்கிறது. அது அவர்களுடையது அன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் பெரியவரின் நண்பர் ஒருவர், தாமே கட்டத்தாளில் வரைந்து, காசு சேர்த்து அட்டை அடித்து வைத்திருந்த கரை அது. பிழைப்புத் தேடி ஊரை விட்டுச் சென்றபோது, நான் வரும் வரையில் இருக்கட்டும், யாரும் தறியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். வரவில்லை. பெரியவரின் தறிக்கு அந்தக் கட்டுப் பொருந்தாது. கொக்கிகளின் எண்ணிக்கை வேறு. அட்டையைக் கண்ணால் பார்த்து உருவை அறிவதும் எளிதன்று. ஆகவே இருபது ஆண்டுகளாக அது தானாகவே பூட்டியிருந்தது.

இப்போது பூட்டுத் திறந்துவிட்டது. மகன் கணினியில் கரை வரையக் கற்றவர். ஒவ்வோர் அட்டையையும் கைப்பேசியால் படம் எடுத்தால் போதும், துளைகளைக் கணினி படித்து, கரை முழுவதையும் திரையில் காட்டிவிடும்.

“நெய்யணும்னு சொல்லலை, ஃபாதர். படம் எடுத்து வைப்போம்னுதான் சொல்றேன். செல்லரிச்சுப் போனா யாருக்கு லாபம்? வேணும்னா பின்னாடி பார்த்துக்கலாம்” என்றார் மகன்.

பெரியவர் தலையை ஆட்டினார். “பிள்ளை சொல்றது புரியுது, சாமி. ஆனா கொடுத்தவன் என்னை நம்பிக் கொடுத்தான். பார்க்கிறதே தப்பு இல்லையா?”

அந்த வீட்டில் பேத்தியின் கல்லூரிக் கட்டணம் நிலுவையில் இருந்தது. விசைத்தறிச் சேலை வந்த பிறகு கைத்தறிக்குக் கூலி எப்படியிருக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. புதிய கரை ஒன்று அவர்களுக்கு என்ன செய்யும் என்பதை அறிந்துதான் மகன் பேசினார். அறிந்துதான் தந்தை மறுத்தார்.

படித்த நூல்களில் நாம் கண்டு அஞ்சிய ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. பூட்டிய செய்திகளை இன்றைக்குத் திறக்க இயலாதவர்கள், அவற்றைத் திரட்டிக் குவித்து வைத்து, குவாண்டம் கணினி வரும் நாளில் திறந்துகொள்ளலாம் என்று காத்திருக்கக்கூடும் என்பதைப் பல நாடுகளின் பாதுகாப்புத் துறைகள் எச்சரித்து வருகின்றன. 2024இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் புதிய பூட்டுகளுக்கான விதிகளை வெளியிட்டதற்கும் இதுவே ஒரு காரணம். ஆனால் புதிய பூட்டு நாளைய கடிதத்தைத்தான் காக்கும். நேற்று அள்ளப்பட்டது அள்ளப்பட்டதுதான். ஒரு தாய் தன் மகளின் நோயைப் பற்றி எழுதியதும், ஒருவர் தம் கடனைப் பற்றி எழுதியதும், எங்கோ ஒரு பரண்மேல் கட்டாகக் கிடக்கலாம்.

திறக்காமல் வைத்திருப்பவன் இன்று என்ன தவறு செய்கிறான்? இதுவே கேள்வி. அவன் எதையும் படிக்கவில்லை. எவருக்கும் எதையும் சொல்லவில்லை. தீங்கு ஏதும் விளையவில்லை. ஒருவேளை விளையாமலேயே போகலாம்.

குருமடத்தில் நமக்குக் கற்பித்த பழைய அறநெறி நூல்கள் இரகசியத்தை மூன்று வகையாகப் பிரிக்கும். இயல்பிலேயே மறைக்க வேண்டியது, மறைப்பதாக வாக்களித்தது, மறைப்பாய் என்று நம்பி ஒப்படைக்கப்பட்டது. மூன்றாவதற்கே கடப்பாடு மிகுதி. மருத்துவரும் வழக்கறிஞரும் அதனால்தான் கட்டுண்டிருக்கிறார்கள். பரண்மேல் இருந்த அட்டைக் கட்டு ஐயமின்றி மூன்றாம் வகை. ஆனால் அந்நூல்கள் பெரும்பாலும் பேசுவது இரகசியத்தை வெளியிடுவதைப் பற்றியே. சேர்த்து வைப்பதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அக்காலத்தில் மனித நினைவைத் தவிர வேறு பரண் இல்லை.

திருச்சபைச் சட்டம் இங்கே ஒரு படி முன்னே செல்கிறது. ஒப்புரவு அருள்சாதனத்தில் பேசப்பட்டதைக் கருவியால் பதிவு செய்வதை 1988இல் திருப்பீடம் தனிக் குற்றமாக அறிவித்தது. 2021இல் திருத்தப்பட்ட 1386ஆம் சட்டத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. பதிவு செய்பவர், அல்லது வெளியிடுபவர் என்று அச்சட்டம் இருவரையும் தனித்தனியே குறிப்பதைக் காண வேண்டும். பதிவு செய்து பெட்டியில் பூட்டி வைத்தவன், நான் எவருக்கும் போட்டுக் காட்டவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. கேட்கத் தகாததைக் கேட்கத் தக்கதாக ஆக்கி வைத்ததே குற்றம். எங்கே இவ்வளவு கடுமை பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அளந்து பார்க்க வேண்டும் என்பது உண்மை. அட்டைக் கட்டு அருள்சாதனம் அன்று. ஆனாலும் நியாயம் ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது. பிறர் நம்பி மூடியதைப் பிறகு திறக்கும் எண்ணத்தோடு எடுத்து வைப்பவன், நம்பிக்கையை முறித்த நாள் திறக்கும் நாள் அன்று, எடுத்த நாளே.

நாட்டின் பாதுகாப்புக்காக அரசு திரட்டலாகாதா என்று சிலர் கேட்பர். மிகப் பெரிய தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது இரகசியம் தளரலாம் என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், ஒப்புரவின் முத்திரையைத் தவிர்த்து, ஏற்கவே செய்கிறது. அது அறிந்த தீங்குக்கு, குறித்த மனிதருக்குப் பொருந்தும். எதற்கென்று இன்னும் தெரியாத ஒரு தேவைக்காக எல்லாருடைய கடிதங்களையும் அள்ளி வைப்பதற்கு அந்த விலக்கை எவ்வளவு இழுத்தாலும் எட்டாது. 2017 ஆகத்து மாதத்தில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்ததை இங்கு நினைவுகூரலாம்.

இன்னொரு மறுப்பு நம் இளையோர் கூட்டத்திலேயே எழுந்தது. மறைந்தவை யாவும் ஒருநாள் வெளிப்படும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, அப்படியிருக்க மறைவுக்காக ஏன் இவ்வளவு கவலை என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் பேசுவது வெளிவேடத்தைப் பற்றியும், தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கும் தந்தையின் முன் அஞ்சாதிருப்பதைப் பற்றியும். எல்லாவற்றையும் காண்பவர் அவற்றைச் சுமப்பவரும் ஆவார். அவருடைய காண்டலை நம் கருவிக்கு உரிமையாக்கிக்கொள்ள அந்த வாக்கு இடந்தரவில்லை.

பெங்களூரில் 1984இல் சொல்லப்பட்ட பூட்டைப் பற்றி மகன் மிக ஆவலாகக் கேட்டார். ஒட்டுக்கேட்பவனை இயற்கையே காட்டிக்கொடுத்துவிடும் என்றால் இனி மனிதரை நம்ப வேண்டிய தேவையே இல்லையே என்றார். நாமும் அவ்வாறு எண்ணி மகிழ்ந்ததுண்டு. ஆனால் ஒளித்துகள் காப்பது வழியை மட்டுமே. இரு முனைகளிலும் மனிதர் இருக்கிறார்கள். சாவி அவர்கள் கைக்கு வந்துவிட்டபின் இயற்கை ஒன்றும் செய்யாது. பழைய பூட்டில் இரகசியம் காக்கப்படுவது திறக்க முடியாமையால். புதிய பூட்டில், திறந்தால் தெரிந்துவிடும் என்பதால். திறக்கவும் முடியும், திறந்தால் தெரியவும் தெரியாது, ஆயினும் திறக்கவில்லை என்னும் மூன்றாவது ஒன்று பரண்மேல் இருபது ஆண்டு கிடக்கும் கட்டில்தான் இருக்கிறது. ஒப்புரவில் அறிந்ததை வெளியிடாதிருந்தால் மட்டும் போதாது, வெளிப்படும் ஆபத்து சிறிதும் இல்லாதபோதும் அதைப் பாவ அறிக்கை செய்தவருக்குக் கேடாகப் பயன்படுத்தக் கூடாது என்று 984ஆம் சட்டம் சொல்வது இந்த மூன்றாவதைத்தான்.

இதனால் குவாண்டம் இயற்பியல் நம் அறநெறியை நிறுவுகிறது என்று எவரும் கொள்ள வேண்டாம். ஒளித்துகளுக்கு மனச்சான்று இல்லை. குவாண்டத்தைக் கொண்டு மூவொரு கடவுளின் மறைபொருளை விளக்க முற்பட்ட மறையுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஒருமுறை நாமே அப்பிழையைச் செய்து, அறிவியல் ஆசிரியர் ஒருவரிடம் கோயில் வாசலிலேயே திருத்தம் பெற்றுக்கொண்டோம்.

தாமலிலிருந்து திரும்பிய இரவு நம் அறையிலிருந்த மூன்று குறிப்பேடுகள் நினைவுக்கு வந்தன. ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வெளியே, பங்கு இல்லத்தில் நம்மிடம் வந்து அழுதவர்கள் சொன்னவற்றை, பெயரும் நாளும் இட்டு ஆண்டுக்கணக்காக எழுதி வந்திருந்தோம். மேய்ப்புப் பணிக்கு உதவும், அடுத்து வரும் பங்குத்தந்தைக்குப் பயன்படும் என்பதே எண்ணம். அவர்களுள் எவரும் எழுதி வைக்கச் சொன்னதில்லை. வேண்டுமானால் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று நாமும்தான் வைத்திருந்தோம். இரண்டு குறிப்பேடுகளை எரித்தோம். மூன்றாவதில் கோயில் கூரை வேலையின் கணக்கும் கலந்திருந்தமையால், வரிவரியாக மையிட்டு அழிக்க இரண்டு இரவுகள் ஆயின.

அந்த வீட்டில் நாம் சொன்னது மிகச் சிறிது. செல்லரிக்காமல் காப்பது ஒப்படைக்கப்பட்டவரின் கடமை. அதற்குக் கட்டைப் பிரித்துப் படம் எடுக்க வேண்டியதில்லை, வேப்பிலையும் வெயிலும் போதும். கைப்பேசியில் எடுத்த படம் கைப்பேசியோடு நிற்பதில்லை என்பதை மகனே நமக்குச் சொன்னார்; அது தானாகவே எங்கோ ஒரு நிறுவனத்தின் கிடங்குக்குப் போய்ச் சேருமாம், பூட்டப்பட்டு. எந்தப் பூட்டு என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு நம்மிடம் விடையில்லை. உரியவரையோ அவருடைய பிள்ளைகளையோ தேடிக் கண்டு, ஒப்புதல் கேட்டு, இரு குடும்பத்துக்குமாக அந்தக் கரையை நெய்யுங்கள் என்றோம். தேடுவதற்குச் செலவாகும், அதையும் அவர்கள்தாம் ஏற்க வேண்டும் என்பதை அறிந்தே சொன்னோம்.

தந்தையும் மகனும் முதலில் ஆரணிக்குச் சென்றார்கள். நண்பர் குடியிருந்த வீடு கைமாறியிருந்தது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆயின என்றும், மகள் ஒருத்தி திருபுவனத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருப்பதாகவும் அண்டை வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். கையிலுள்ள சேலையை அறுத்த பிறகு அங்கே போவதாகப் பெரியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.